‘சாயம் போகுமா?’: ஒரு சுங்குடிக் கடையின் பிட் நோட்டீஸைத் திருத்திய அனுபவம்

அழகர் ஆற்றில் இறங்கி முடிந்த காலை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஏ.வி. பாலத்தடி நிழலில் ஒரு குடும்பம் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தது. மடியில் தூங்கும் பேரனுக்கு ஓர் அப்பத்தா நாலாக மடித்த தாளால் விசிறிக்கொண்டிருந்தார். அரக்கு நிறத் தாள். தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் வடிவமைத்துக் கொடுத்த நோட்டீஸ்.

“இது என்ன நோட்டீஸும்மா?” என்று கேட்டேன்.

“என்னமோ சேலைக் கடையாம்ப்பா. தாளு கெட்டியா இருக்கு, காத்து நல்லா வருது.”

மடிப்புக்கு வெளியே ‘பாரம்பரியத்தின் பெருமை’ என்ற வரி மட்டும் தெரிந்தது. கடைப் பெயர், போன் நம்பர், சேலையின் படம் எல்லாம் மடிப்புக்குள். ‘என்னமோ சேலைக் கடை’ என்ற அந்த மூன்று சொல்லோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

கடை எங்கள் தெரு அக்காவுடையது. திருமலை நாயக்கர் மஹாலை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. இரண்டு பேர் கால் நீட்டி உட்கார்ந்தால் நிறைந்துவிடும் இடம். மதுரைக்குப் பேர்போன புள்ளிச் சேலையான சுங்குடி மட்டும்தான் விற்பார். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் யூஎக்ஸ் (யூசர் எக்ஸ்பீரியன்ஸ், அதாவது பயனர் அனுபவம்) வேலை பார்க்கிறேன். ஒரு செயலியைத் திறப்பவருக்கு எந்த இடத்தில் கை தடுமாறுகிறது, எங்கே குழம்பிப் போய் மூடிவிடுகிறார் என்று பார்த்துச் சரிசெய்வது என் பிழைப்பு. ஆனாலும் அக்காவுக்கு நோட்டீஸ் போட்டபோது அந்தக் கண்ணைத் திறக்கவேயில்லை. ‘விளம்பரம்தானே’ என்று அழகாகத் தெரிந்ததை எல்லாம் போட்டேன். 2000 தாள் அடித்துத் திருவிழாக் கூட்டத்தில் கொடுத்தோம். அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அக்கா கோபப்படவில்லை. “நோட்டீஸ் அடிச்சதே வேஸ்டா தம்பி? இல்ல வேற மாதிரி அடிச்சிருக்கணுமா?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் தேடிப் போன 3 மாத வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலையாக லீவு போட்டு 4 நாள் கடையில் உட்கார்ந்தேன். நடுவில் பேசக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். ஒரு கோடு போட்ட நோட்டு. வந்தவர்கள் கேட்ட கேள்விகளை, போனில் கேட்டதையும் சேர்த்து, அவர்கள் வாயிலிருந்து வந்த சொல்லிலேயே எழுதினேன். ‘வண்ண உறுதித்தன்மை பற்றி விசாரித்தார்’ என்று எழுதினால் எல்லாம் போச்சு. அவர் கேட்டது “சாயம் போகுமாக்கா?” என்றுதான்.

நாலாம் நாள் சாயந்தரம் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் அதே கேள்விகள். சாயம் போகுமா. பிளவுஸ் சேர்ந்தா, தனியா. இது கட்டுச் சுங்குடியா, பிரிண்டா. துவைச்சா இதே வெறப்பு இருக்குமா. மதுரைக்கு வர முடியாது, அனுப்பி வைப்பீங்களா. கடை எங்கிட்டு இருக்கு, மஹாலுக்கு முன்னாடியா பின்னாடியா. நோட்டீஸை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இவற்றில் ஒன்றுக்கும் அதில் பதில் கிடையாது. இருந்ததெல்லாம் சௌராஷ்டிர மக்களின் கைத்திறன், நாயக்கர் காலத்துப் பெருமை, 2005-இல் கிடைத்த புவிசார் குறியீடு, ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’. முதல் மூன்றும் உண்மை. பெருமைப்பட வேண்டிய உண்மை. ஆனால் கையில் பணத்தோடு நிற்பவரின் கவலை அவற்றில் எங்கும் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைக் கவனித்தேன். யார் சாயம் பற்றிக் கேட்டாலும் அக்கா சொல்கிற பதில் ஒன்றுதான்: “மொத ரெண்டு மூணு தண்ணிக்குக் கொஞ்சம் போகும்மா. தனியா, பச்சத் தண்ணில அலசி நெழல்ல காயப் போடுங்க. அப்பறம் நின்னுரும். போகவே போகாதுன்னு சொன்னா அது பொய்.” இதைக் கேட்டவர்கள் முகத்தில் ஒரு தளர்வு வரும். விற்பனை அந்த இடத்தில்தான் நடந்தது. நல்ல விளம்பரம் அக்காவின் வாயில் இருந்திருக்கிறது. அதை எழுதாமல் நான் வேறெதையோ எழுதியிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஒரு சங்கதி உண்டு. 1993-இல் வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டார். திரையையும் பொத்தான்களையும் மட்டும் குறிக்கும் சொற்கள் அவருக்குப் போதவில்லை. பொருளின் வடிவம், படங்கள், கூடவே வருகிற விளக்கப் புத்தகம் என்று ஒருவர் அந்தப் பொருளோடு உறவாடும் அத்தனையையும் ஒரே குடைக்குள் கொண்டுவரத்தான் அந்தச் சொல். அப்படிப் பார்த்தால் சுங்குடி வாங்குபவரின் அனுபவம் கடைப்படியில் தொடங்குவதில்லை. பாலத்தடியில் நோட்டீஸ் கைக்கு வந்ததும் தொடங்கிவிடுகிறது; வீட்டில் மூன்றாவது தடவை துவைத்துக் கொடியில் போடும்வரை ஓடுகிறது. இடையில் எந்த இடத்தில் ஏமாந்தாலும் அது கடைக் கணக்கில்தான் ஏறும்.

திருத்தத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதில் அக்காவுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது. ‘கட்டுச் சுங்குடியா, பிரிண்டா’ என்ற கேள்விதான் காரணம். கட்டுச் சுங்குடி என்றால் துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுகச் சுற்றி, அப்படியே ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவது. முடிச்சுக்குள் சாயம் போகாமல் அந்த இடம் புள்ளியாக நிற்கும். இன்று சந்தையில் சுங்குடி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சோ ஸ்கிரீன் அச்சோதான். அக்கா கடையிலும் இரண்டும் உண்டு, அச்சுதான் அதிகம். நோட்டீஸில் இரண்டையும் சேர்த்துப் ‘பாரம்பரியச் சுங்குடி’ என்று போட்டிருந்தேன்.

“பிரிச்சுப் போட்டா பிரிண்ட் சேலைய யாரு தம்பி வாங்குவா?” என்றார் அக்கா. நியாயமான பயம். அன்றாடம் உடுத்த, வெயிலுக்குக் கட்ட, வேலைக்குக் கட்ட வாங்குபவர்களுக்கு அச்சுச் சேலைதான் கட்டுப்படியாகும். ஆனால் என் நோட்டில் இன்னொன்றும் இருந்தது: அச்சுச் சேலையைக் கட்டு என்று நினைத்து வேறெங்கோ வாங்கிய இரண்டு பேர், அந்தக் கோபத்தை அக்காவிடம் கொட்டிவிட்டுப் போனது. ஒருவர் எதை வாங்குகிறோம் என்று தெரியாமலேயே வாங்கும்படி செய்வது எங்கள் தொழிலில் மிக மோசமான குறை. அதை விளம்பரத்தில் செய்தால் மட்டும் சாமர்த்தியம் என்று எப்படிச் சொல்வது? நான் விட்டுக்கொடுக்கவில்லை. அக்கா ஒரு ராத்திரி யோசித்தார். மறுநாள் காலையில் அலமாரியையே இரண்டாகப் பிரித்துவிட்டார். மேல் தட்டு கட்டு, கீழ்த் தட்டு அச்சு. என்னைவிட ஒரு படி மேலே போய்விட்டார்.

பிறகு வித்தியாசத்தை எப்படிக் காட்டுவது என்ற கேள்வி. எழுதிப் பார்த்தேன், நீண்டுகொண்டே போனது. அப்போது ஒரு கல்லூரிப் பெண்ணும் அவர் அம்மாவும் வந்தார்கள். அந்தப் பெண் கேட்டதும் அக்கா பதில் சொல்லாமல் உள்ளே போய், சாயம் ஏற்றிக் காய்ந்து இன்னும் முடிச்சு அவிழ்க்காத ஒரு துணியைக் கொண்டுவந்தார். பார்க்கக் காய்ந்த பாகற்காய்த் தோல் மாதிரி முண்டு முண்டாகச் சுருண்டு கிடந்தது. ஒரு முனையைப் பெண்ணின் கையில் கொடுத்து, “இறுக்கிப் புடி, பயப்படாத” என்று மறுமுனையைத் தான் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். படபடவென்று நூல் தெறித்தது. சுருண்ட துணி விரிய விரிய, கத்தரிப்பூ நிறத்துக்குள்ளிருந்து வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. ஒரு புள்ளியைப் போல் இன்னொன்று இல்லை. ஒன்று சதுரம், ஒன்று கோணல் வட்டம், சிலவற்றின் நடுவில் சாயம் மிளகளவு ஒட்டியிருந்தது. விரலால் தடவினால் முடிச்சு இருந்த இடம் லேசாக மேடு தட்டியது. அந்தப் பெண்ணின் அம்மா ஒன்றும் பேசாமல் அந்த மேட்டையே தடவிக்கொண்டிருந்தார்.

எழுதியதை எல்லாம் தூக்கிப் போட்டேன். அந்த இழுப்பை மறுநாள் மொட்டை மாடியில் 12 விநாடி வீடியோவாக எடுத்தோம். பாட்டு கிடையாது, நூல் தெறிக்கும் சத்தம் மட்டும். நோட்டீஸில் இரண்டு சேலைத் துண்டுகளின் படம், கீழே ஒரு வரி: ‘புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லையென்றால் கட்டு, அச்சாக ஒன்றாக இருந்தால் அச்சு. இரண்டும் எங்களிடம் உண்டு.’ அச்சுச் சேலை விற்பனை படுத்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். “அன்னாடம் கட்ட அச்சு, விசேஷத்துக்குக் கட்டு” என்று ஜனங்களே பிரித்துக்கொண்டார்கள்.

அடுத்தது படங்கள். வெளியூர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப் படம்தான் கடை. அக்கா டியூப் லைட் வெளிச்சத்தில், சேலையைக் கண்ணாடி அலமாரி முன் தொங்கவிட்டு எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அரக்கு ரோஸாகத் தெரியும், மயில்கழுத்து வெறும் நீலமாகிவிடும். சேலை போய்ச் சேர்ந்ததும் ‘படத்துல வேற கலரு’ என்று போன் வரும். திரை முழுக்க ஒரே நிறம் நிறைந்தால் போன் கேமரா வெளிச்சத்தின் நிறத்தைத் தப்பாகக் கணித்துத் தானாக மாற்றிவிடுகிறது. அதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. மாடியில் வெள்ளை வேட்டியை விரித்து, நேர் வெயில் படாத நிழலில், காலை 9 மணிக்கு மேல் சேலையை அதன்மேல் வைத்து எடுக்கவேண்டும். ஓரத்தில் வேட்டியின் வெள்ளை தெரியவேண்டும். புள்ளியின் அளவு தெரிய ஒரு 10 ரூபாய் நாணயத்தை வைத்தோம். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். அந்த எண் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, நாணயத்தைத் தெரியாதவர் இல்லை என்பதுதான் அதன் பலம்.

நிறங்களின் பெயரிலும் கை வைத்தேன். படங்களுக்கு அடியில் ‘லாவெண்டர்’, ‘டீல்’ என்று நான்தான் முன்பு எழுதிக் கொடுத்திருந்தேன். யாரும் அப்படிக் கேட்டதில்லை. கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு, மயில்கழுத்து என்று அவர்கள் சொல்லும் பெயரையே போட்டோம். ‘கத்தரிப்பூ இருக்கா’ என்று குரல்பதிவு வந்தால் அக்கா தேடி எடுக்கிற நேரமும் குறைந்தது.

புது நோட்டீஸின் மாதிரித் தாளை அச்சுக்கு முன் சோதித்தோம். இங்கே ஒரு தப்புச் செய்தேன். 5 பேரை வைத்துச் சோதித்தாலே குறைகளில் சுமார் 85 விழுக்காடு வெளியே வந்துவிடும் என்று 2000-இல் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் எழுதிய கணக்கு எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். நானும் 5 பேரைப் பிடித்தேன், ஐந்தும் அலுவலக நண்பர்கள். ‘சூப்பரா இருக்கு’ என்றார்கள். அந்தக் கணக்கு ஒரே வகைப் பயனர்களுக்கானது. ஆட்கள் வேறு வேறு வகை என்றால் வகைக்கு 3, 4 பேரைப் பார்க்கவேண்டும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அதை மறந்துவிட்டேன். பிறகு மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த அம்மாக்களிடம் தாளைக் கொடுத்து, “இது என்ன கடை, என்ன விக்கிறாங்க, எப்படிப் போறதுன்னு படிச்சுச் சொல்றீங்களாம்மா” என்று கேட்டேன். முதல் ஆளே தாளைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். “எழுத்து பொடிசா இருக்கேப்பா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அரக்குப் பின்னணியில் 9 பாயின்ட் அளவு வெள்ளை எழுத்து. என் கணினித் திரையில் அது பளிச்சென்றுதான் இருந்தது.

வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, 14 பாயின்ட் என்று மாற்றினேன். எழுத்து பெரிதானதும் இடம் போதவில்லை. பாதி வாசகத்தை வெட்டவேண்டியதாயிற்று. அந்த வெட்டுதான் நோட்டீஸுக்குச் செய்த ஆகப் பெரிய நன்மை. இன்னொருவர் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் வாசித்துவிட்டு, “இது எங்கிட்டுய்யா இருக்கு?” என்றார். முகவரிக்கு மேலே ‘விளக்குத்தூணிலிருந்து மஹாலுக்கு நடந்து வரும் வழியில்’ என்று சேர்த்து, ஒரு கோட்டு வரைபடம் போட்டேன். மடித்தாலும் கடைப் பெயரும் நம்பரும் வெளியே தெரியும்படி நாலு மடிப்பையும் கணக்குப் பண்ணி அடுக்கினேன். வெயில் காலத்தில் நோட்டீஸ் விசிறியாகத்தான் போகும் என்றால் போகட்டும், விசிறும்போது பெயர் தெரிந்தால் சரி.

கடையின் துணிப்பையில் அச்சிட்ட கியூஆர் குறிதான் என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. ஸ்கேன் செய்தால் அக்காவின் வாட்ஸ்அப் திறந்து, ‘வணக்கம், கட்டுச் சுங்குடிச் சேலைகள் பார்க்க வேண்டும்’ என்ற செய்தி தயாராக நிற்கவேண்டும். வாங்குபவர் அனுப்பும் பொத்தானை அழுத்தினால் போதும். தமிழில் தட்டச்சுச் செய்யச் சங்கடப்படுபவர்களுக்கு அது நல்ல வசதி. என் போனில் வேலை செய்தது. அச்சாகி வந்த துணிப்பையில் செய்யவில்லை. அக்காவின் பழைய போன் அந்தக் குறியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

நிதானமாக உட்கார்ந்து பார்த்தபோது மூன்று காரணங்கள் கிடைத்தன. ஒன்று, கணினியில் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட் ஆகிறது. இணைப்புக்குள் போகும்போது அந்த 3 பைட் 9 எழுத்தாக விரிகிறது. ஒரு வரித் தமிழ் 400 எழுத்தைத் தாண்டிவிட்டது. குறிக்குள் பக்கத்துக்கு 100 கட்டத்துக்கு மேல், அத்தனையும் 2 சென்டிமீட்டருக்குள். பொடிக் கட்டங்கள் துணி நூலில் கரைந்துபோயின. இரண்டு, பிரஸ்ஸில் அழகுக்காக அரக்குப் பின்னணியில் வெள்ளைக் கட்டங்களாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். பல ஸ்கேனர்கள் இப்படித் தலைகீழான நிறத்தைப் படிப்பதில்லை. மூன்று, குறியைச் சுற்றி 4 கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடவேண்டும் என்பது விதி. அந்த வெற்றிடத்தில் பூவேலைப்பாடு போட்டிருந்தது. புரூஃப் பார்க்கும்போது ஒரு தடவை ஸ்கேன் செய்து பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே குட்டி இணைப்பு எடுக்கும் வசதி இருக்கிறது. தயார்ச் செய்தியை அந்தப் பக்கம் சேமித்துவைத்துவிட்டு, 40 எழுத்துக்குள் ஓர் இணைப்பு தரும். அதைப் பயன்படுத்தியதும் கட்டங்களும் பக்கத்துக்கு 40-க்குக் கீழே இறங்கிவிட்டன. பிழை தாங்கும் அளவை ‘எச்’ என்ற உச்ச நிலையில் வைத்தேன். குறியில் சுமார் 30 விழுக்காடு வரை சேதமானாலும் படிக்கும். பை கசங்கத்தானே செய்யும். வெள்ளைச் சதுரத்துக்குள் கறுப்பில், 4 சென்டிமீட்டர் அளவில் அச்சிட்டோம். பழைய போன் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டது.

விற்ற பிறகு நடப்பதையும் இதே வேலையாகத்தான் நினைத்தோம். சேலையோடு ஒரு சிறு சீட்டு வைக்கிறோம். அக்கா சொன்னதை அக்கா பேசுகிற மாதிரியே எழுதியது: முதல் 3 தடவை தனியாக அலசுங்கள், நிழலில் போடுங்கள், முதல் அலசலில் கஞ்சி போய்த் துணி துவளும், அது கெட்டுப்போனதல்ல, விறைப்பு வேண்டுமென்றால் கஞ்சி போட்டுக்கொள்ளுங்கள். ‘துவைச்சதும் தொளதொளன்னு ஆயிருச்சு’ என்ற புகார் போன்கள் அதற்குப் பிறகு அநேகமாக நின்றுவிட்டன. இந்தச் சீட்டு நோட்டீஸைவிட நல்ல விளம்பரம் என்பது என் கருத்து. பக்கத்து வீட்டில் அதைக் காட்டித்தான் பேசுகிறார்கள்.

ஒரு விஷயத்தில் அக்கா என்னைத் திருத்தினார். வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் கேள்விகளுக்கு அழகான எழுத்துத் தமிழில் தயார்ப் பதில்கள் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் இரண்டு நாள் அனுப்பிவிட்டு, “இது நான் பேசுற மாதிரி இல்ல தம்பி, பேங்க்ல இருந்து வர்ற மெசேஜ் மாதிரி இருக்கு” என்று நிறுத்திவிட்டார். குரல்பதிவு அனுப்புகிறவர்களுக்குக் குரல்பதிவிலேயே பதில் சொல்கிறார். சாயம் பற்றிய பதிலை ஒரு தடவை நிதானமாகப் பேசி வைத்துக்கொண்டு வேண்டியவர்களுக்கு அதையே அனுப்புகிறார். குரல் அக்காவுடையது, அது போதும். தினமும் 30 படம் ஸ்டேட்டஸில் போடுவதையும் நிறுத்தி, வாரத்துக்கு ஒருநாள் 5 சேலை என்று குறைத்துக்கொண்டோம்.

ஆடியில் புது நோட்டீஸ் 500 மட்டும் அடித்தோம். அதைக் கையில் பிடித்துக்கொண்டே சந்துக்குள் நுழைந்த முதல் ஆள் வாடிப்பட்டியிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா. உட்கார்ந்ததும், “கட்டுல கத்தரிப்பூ காட்டுங்க. சாயம் மொத மூணு தண்ணிக்குப் போகும்னு போட்டிருக்கீங்க, தெரியும்” என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

கேள்வி நோட்டு இப்போது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. எழுதுவது அக்கா. நேற்று புரட்டிப் பார்த்தேன். சாயம் என்ற சொல் பல பக்கங்களில் காணோம். பதிலுக்கு அவருடைய கொழுக்கட்டைக் கையெழுத்தில் புதிதாக ஒன்று: ‘மடிசாருக்கு 9 கெஜம் இருக்கா – 3 பேரு.’ மறுநாள் இன்னும் 2 கோடு. 9 கெஜம் உள்ளே ஒரு பெட்டியில் இருக்கிறது, நோட்டீஸில்தான் இல்லை. அடுத்த அச்சுக்கு அந்த வரிக்கு இடம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். ‘தாரக மந்திரம்’ போன இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.